ஒரு நாளும் ரயில் ஓடாத சுரங்கம்: ஸ்டம்ப்ஹவுஸ்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், வல்ஹல்லா என்ற சிற்றூரைத் தாண்டி மலைச்சாலையில் சில மைல் ஏறினால் ஸ்டம்ப்ஹவுஸ் பூங்கா வருகிறது. அங்குள்ள சுரங்கத்தைக் கைவிடப்பட்ட ரயில் சுரங்கம் என்கிறார்கள். ஆனால் அதற்குள் ஒரு ரயில்கூட ஓடியதில்லை என்பதுதான் என்னை அங்கே இழுத்துச் சென்றது.

சார்ல்ஸ்டன் துறைமுகத்தை புளூ ரிட்ஜ் மலைகளுக்கு அப்பாலுள்ள உள்நாட்டுச் சந்தைகளோடு இணைப்பதற்காக 1850களில் குடைந்த சுரங்கம் இது. 5,863 அடிக்குத் திட்டமிட்டு 1,617 அடி வரை போன நிலையில், பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவாகிவிட்டதால் மாநிலச் சட்டமன்றம் 1859இல் இனிப் பணமில்லை என்று கைவிரித்தது. அடுத்து வந்த உள்நாட்டுப் போரோடு திட்டமும் படுத்துவிட்டது. குடைந்தவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்த தொழிலாளர்கள். ஒருவர் உளியைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே இருக்க, மற்றவர் சம்மட்டியால் அடிக்க, விழுந்த துளையில் வெடிமருந்தைக் கெட்டித்துப் பாறையைப் பிளந்திருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க அடித்தாலும் முன்னேற்றம் அடிக்கணக்கில்கூட இருந்திருக்காது என்பது அந்தக் கருங்கல்லைத் தொட்டுப் பார்த்தாலே புரிகிறது.

சுமார் 25 அடி உயரமும் 17 அடி அகலமும் உள்ள வாயில், வெளியிலிருந்து பார்க்கையில் அப்படியொன்றும் பிரமாண்டமாகத் தெரியவில்லை. நான் போனது ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில். வாயிலை நெருங்கும்போதே குளிர் காலைத் தொட்டது. உள்ளே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ்தான். விளக்கு கிடையாது. கைப்பேசி வெளிச்சத்தை நம்பிப் போன எனக்குக் காலடியில் இருந்த சேறு மட்டுமே தெரிந்தது. பக்கத்தில் நடந்த ஒருவர் நல்ல டார்ச்சைச் சுவரில் அடித்த பிறகுதான், விரல் நுழையும் அளவில் பாதியாகப் பிளந்து நின்ற துளைத் தடத்தைக் கண்டேன். மேலிருந்து இறங்கும் காற்றுக்குழி இருக்கும் பகுதிக்கு அப்பால் போக அனுமதியில்லை.

இந்தக் குளிரும் ஈரமும் வேறொரு வேலைக்கு உதவியிருக்கின்றன. கிளெம்சன் கல்லூரியின் பால்பண்ணைத் துறையினர் 1940களில் புளூ சீஸ் என்ற நீலப் பூஞ்சை படர்ந்த பாலாடைக்கட்டியை இங்கே வைத்துப் பதப்படுத்திப் பார்த்தார்கள். 1958இல் அந்த வேலையைக் கல்லூரிக்கே மாற்றியபோது, குளிரூட்டிய அறைகளில் இந்தச் சுரங்கத்தின் தட்பவெப்பத்தைச் செயற்கையாக உண்டாக்கிக்கொண்டார்களாம். ரயிலுக்கு உதவாத குகை பாலாடைக்கட்டிக்கு முன்மாதிரியானது எனக்கு இன்னும் வேடிக்கையாகவே இருக்கிறது.

பக்கத்திலேயே இசாக்வீனா அருவி இருக்கிறது. அழகானதுதான், ஆனால் கூட்டம் அதிகம். சுரங்கத்தை அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டு அருவிக்கு ஓடுபவர்களே மிகுதி. நான் அதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்வேன். நுழைவுக் கட்டணம் சிறிதுதான், நடையும் குறைவு, முதியவர்களையும் அழைத்துச் செல்லலாம். வழுக்காத செருப்பும் டார்ச்சும் கட்டாயம். கண்ணாடி அணிபவர்கள் வெளியே வந்ததும் அது முழுவதும் பனி படர்ந்துவிடும் என்பதால் துடைக்க ஒரு துணியும் வைத்துக்கொள்ளுங்கள்.