பச்சைத் திரையிலிருந்து வலைச்சேவை: குன்னூரில் ஆறு வாரம் பயன்படுத்திப் பார்த்த கருவி

குன்னூரில் நான் பணிபுரியும் தேயிலைத் தொழிற்சாலையின் பசுந்தேயிலைக் கொள்முதல் கணக்கு இன்றும் ஐபிஎம்மின் பழைய வணிகக் கணினியான ஏஎஸ்/400-இன் பச்சை எழுத்துத் திரைகளில்தான் நடக்கிறது. கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துச் சிறு விவசாயிகள் தாங்கள் கொடுத்த கொழுந்தின் எடையையும் நிலுவையையும் கைப்பேசியிலேயே பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியது. ஆனால் அந்தத் திரைகளை இயக்கும், ஆர்பிஜி என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய நிரல்களில் பாதிக்கு மூலநிரல் கைவசம் இல்லை. ஆகவே, திரையையே படித்து அதிலிருந்து வலைச்சேவை (வேறு செயலிகள் வலை வழியே தரவைக் கேட்டுப் பெறும் வசதி) நிரலைத் தானாக எழுதித் தரும் கருவி ஒன்றை வாங்கினோம். அதன் பெயரைத் தவிர்க்கிறேன். ஐபிஎம்மின் ஹேட்ஸ் முதலான இவ்வகைக் கருவிகளில் வேலைமுறை ஏறக்குறைய இதுவே.

விற்பனையாளர் செய்து காட்டியபோது பத்து நிமிடத்தில் சேவை தயாரானது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை; நிரல் உருவாக அவ்வளவு நேரம்தான் ஆகிறது. எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது, அந்தப் பத்து நிமிடத்துக்குத் திரைகளைப் பக்குவப்படுத்துவதற்கு.

24 வரி, 80 நெடுவரிசை கொண்ட திரையில் எது எந்தத் திரை என்பதைக் கருவி அடையாளம் காண வேண்டும். விவரம் தேடிப் பார்க்கும் எங்கள் திரைகள் மூன்றுக்கும் தலைப்பு ஒன்றே என்பதால், இடது மூலையில் உள்ள திரைக்குறியீட்டையும் உள்ளீட்டுப் புலங்களின் (தட்டச்சு செய்யும் இடங்களின்) எண்ணிக்கையையும் சேர்த்து அடையாளமாக வைத்தோம். வலது மூலையில் ஓடும் தேதியும் நேரமும் அடையாளத்துக்குள் புகுந்துவிட்டால், இன்று அறிந்த திரையை நாளை கருவி அறியாது.

அடுத்தது, திரையின் புலங்களுக்குப் பெயரிடுதல். கருவி தானாக வைக்கும் பெயர்கள் வரிசை எண்ணும் நெடுவரிசை எண்ணும் மட்டுமே. அப்படியே விட்டால் வலைச்சேவையின் விவரக்கோப்பிலும் அவையே ஏறி, செயலி எழுதுபவருக்கு எடை எது, ஈரப்பதக் கழிவு எது என்று தெரியாது. புலத்தின் வகையையும் நாமே தீர்மானிப்பது நல்லது. முன்பணம் அதிகம் வாங்கியவரின் நிலுவையை எங்கள் திரை '1,250.00-' என்று கழித்தல் குறியைக் கடைசியில் இட்டுக் காட்டுகிறது. உருவான நிரல் அதை எண்ணாக ஏற்க மறுத்தது. இந்த ஒரு குறிக்காக இரண்டு நாள் போயிற்று.

கருவியின் உண்மையான பலவீனம் பல பக்கப் பட்டியல்களில் தெரிகிறது. கொள்முதல் வரிகள் ஒரு பக்கத்தைத் தாண்டினால் கீழே 'மோர்' (More, இன்னும் உண்டு) என்றும், கடைசிப் பக்கத்தில் 'பாட்டம்' (Bottom, முடிவு) என்றும் வரும். அதைப் பார்த்து நிறுத்தும் நிபந்தனையை நாம் எழுதாவிட்டால், முதல் பக்கத்தை மட்டும் தந்துவிட்டுச் சேவை வெற்றி என்று அறிவிக்கிறது. மகசூல் மிகுந்த மாதத்தில் பாதிக் கொழுந்து காணாமற்போன கணக்கைக் காட்டினால் விவசாயி சும்மா இருப்பாரா?

எதிர்பாராத திரைகளைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பழைய கணக்குப்பிள்ளை. உள்நுழைந்ததும் சில நாட்களில் மட்டும் தலைகாட்டும் செய்தித் திரையை அவர் விரல்கள் யோசிக்காமலே என்டர் தட்டிக் கடந்துவிடும். திரைகளைக் கடக்கும் விசைத் தட்டல்களைக் கருவியில் பதிவு செய்த நாளில் அது வராததால், எங்கள் மேக்ரோ (அந்தத் தட்டல்களைத் தானே திரும்பச் செய்யும் பதிவு) பின்னர் அத்திரை வந்தபோது அங்கேயே நின்றுபோனது. பதிவு செய்வதற்கு முன் இரண்டு நாளாவது அப்படிப்பட்ட ஒருவரின் அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும். கருவியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மூலநிரல் முழுதாக இருப்பவர்களுக்கு இக்கருவியைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் நிரலை நேரடியாக அழைக்கும் சேவையை எழுதிக்கொள்ளலாம், அது வேகமாகவும் இயங்கும், திரை மாறினாலும் உடையாது. எங்களைப் போல் திரை மட்டுமே மிஞ்சியவர்கள் வாங்கலாம், ஆனால் உரிமத் தொகையோடு ஆறு வாரச் சம்பளத்தையும் கூட்டிக்கொண்டு விலையைப் பேசட்டும்.