பிள்ளை பல் கடித்தால்: பல்லுறையா, படுக்கை நேரப் பழக்கமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில், நடுராத்திரியில் ஐந்து வயது மகன் பல்லை நறநறவெனக் கடிக்கும் சத்தம் மின்விசிறியையும் மீறிக் கேட்கும். விடியுமுன் செம்பனைத் தோட்ட வேலைக்குப் போக வேண்டிய அவன் அப்பாவும் விழித்துக்கொள்வார். "வயிற்றில் பூச்சிதான்" என்றார் பாட்டி. பூச்சி மருந்து கொடுத்தோம், சத்தம் நிற்கவில்லை.

முதலில் எனக்குத் தோன்றியது பல்லுறை, அதாவது தூங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை. ஈப்போவில் அளவெடுத்துச் செய்துவிட்டால் பல் தேயாது. ஆனால் பால்பல் 6 வயதுவாக்கில் விழத் தொடங்கும், தாடையும் வளரும். இன்று பொருந்தும் உறை சீக்கிரமே இறுக்கும். பெரியவர்களுக்கு அது சரி.

படுக்கை நேரப் பழக்கத்துக்குக் காசு வேண்டாம், பொறுமைதான் வேண்டும். மாலையில் குடிக்கும் தே தாரிக்கை (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) நிறுத்தினோம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை எடுத்து வைத்தோம். அப்புறம் வெதுவெதுப்பான துணியை அவன் தாடையில் ஒற்றிக்கொண்டே, பாலர் பள்ளியில் நடந்ததைக் கேட்பேன். யாரோ அவன் கலர் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது அப்படித்தான் தெரிய வந்தது. பாவம், மனதிலேயே வைத்திருந்திருக்கிறான். சத்தம் முழுதாக நிற்கவில்லை, நன்றாகக் குறைந்திருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர இது தானாகவே நின்றுவிடும் என்பதால் என் ஓட்டு இதற்கே.

குறட்டையோ, வாயால் மூச்சு விடுவதோ, காலையில் தாடை வலியோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.