லேப்டாப்பில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்: வேலூர் வெயிலில் எவ்வளவு தூரம் போகலாம்?

போடலாமா வேண்டாமா என்று கேட்டால், போடுங்கள். லேப்டாப் கிராஃபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்ய, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரைவிட வசதியான மென்பொருளை நான் பார்த்ததில்லை. அதுவும் இலவசம். நூற்றுக்கு ஐந்து, மிஞ்சிப் போனால் ஏழு வேகம் கூடும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் கார்டு விடாது, கார்டு விட்டாலும் வேலூர் வெயில் விடாது.

நான் சத்துவாச்சாரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே என் அறை. லேப்டாப், காட்பாடியில் கடைசி வருஷம் முடித்து ஊருக்குக் கிளம்பிய ஒரு மாணவனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உள்ளே என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 6 ஜிபி மெமரி. பகலில் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் ஓடும். ராத்திரியில் அக்கா மகன் வந்து உட்கார்ந்துவிட்டால் கேம் ஓடும். கார்டுக்கு ஓய்வு என்பது ஆடி மாதத்தில்தான், அப்போது முகூர்த்தம் கிடையாது. இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியது ஆடியில்தான்.

எங்கள் ஊரை நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று கிண்டல் செய்வார்கள். (சாமியில்லாத கோயில் என்பதும் அந்த வரிசையில் இருந்தது. 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்த பிறகு அதைச் சொல்ல வழியில்லை.) என் கார்டுக்குப் பகை அந்த மரமில்லாத மலைதான். பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பாறை ராத்திரியில் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அறையில் எத்தனை டிகிரி கூடுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி சிப்பிலும் கூடும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆஃப்டர்பர்னரின் பெயரில் எம்எஸ்ஐ இருந்தாலும் எந்தக் கம்பெனி லேப்டாப்பிலும் ஓடும். இதை எழுதியவர் ரஷ்யாவைச் சேர்ந்த அலெக்ஸி நிகோலாய்சுக், பழைய ரிவாட்யூனர் என்ற கார்டு டியூனிங் மென்பொருளை எழுதிய அதே ஆள். அந்த அடித்தளத்தின் மேல்தான் இது நிற்கிறது. கூடவே வரும் ரிவாட்யூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வரையும் போட்டுக்கொண்டால் கேம் ஓடும்போதே திரையின் மூலையில் நொடிக்கு எத்தனை ஃபிரேம், வெப்பம், வாட் எல்லாம் தெரியும். ஓவர்கிளாக் வேண்டாம் என்பவர்கள்கூட இதற்காகவே போடலாம்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. எம்எஸ்ஐ தளத்திலிருந்தோ குரு3டி தளத்திலிருந்தோ மட்டும் இறக்குங்கள். 2022இல் இதே பெயரில் போலித் தளங்கள் முளைத்து, இன்ஸ்டாலரோடு சேர்த்து கிரிப்டோ மைனரையும் பாஸ்வேர்டு திருடும் மென்பொருளையும் உள்ளே இறக்கிக்கொண்டிருந்தன. தேடினால் முதலில் வரும் விளம்பர இணைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்காதீர்கள்.

சரி, உள்ளே போவோம். டெஸ்க்டாப்பில் இதைப் பார்த்துப் பழகியவர்கள் லேப்டாப்பில் திறந்ததும் ஏமாந்துபோவார்கள். கோர் வோல்ட்டேஜ் ஸ்லைடர் மங்கிக் கிடக்கும், தொட முடியாது. பவர் லிமிட்டும் அப்படித்தான். பெரும்பாலான லேப்டாப்புகளில் டெம்பரேச்சர் லிமிட்டும் நகராது. ஃபேனையும் இதிலிருந்து கட்டுப்படுத்த முடியாது, அது லேப்டாப் கம்பெனியின் சொந்த மென்பொருள் கையில் இருக்கிறது. உங்களுக்கு மிஞ்சுவது இரண்டே ஸ்லைடர்: கோர் கிளாக் (சிப்பின் வேகம்), மெமரி கிளாக் (மெமரியின் வேகம்). 2015இல் என்விடியா இந்த இரண்டையும்கூட லேப்டாப் கார்டுகளில் டிரைவர் (விண்டோஸையும் கார்டையும் இணைக்கும் மென்பொருள்) வழியாகப் பூட்டிப் பார்த்தது. ஆட்கள் போட்ட சத்தத்தில் பிறகு வந்த டிரைவரில் திறந்துவிட வேண்டியதாயிற்று.

பூட்டு போட்டிருக்கிறார்களே என்று கோபப்பட வேண்டாம். லேப்டாப்பில் ஓவர்கிளாக் ஓரளவு பாதுகாப்பாக இருப்பதே அந்தப் பூட்டால்தான். கார்டுக்குள் ஒரு அட்டவணை இருக்கிறது, இத்தனை மில்லிவோல்ட்டுக்கு இத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று. கோர் கிளாக்கில் 100 கூட்டினால் அந்த அட்டவணையில் ஒவ்வொரு வோல்ட்டேஜுக்கு எதிரிலும் 100 கூடும், அவ்வளவுதான். என் கார்டின் உச்சவரம்பு 115 வாட். கனமான வேலை கொடுத்தால் ஸ்டாக்கிலேயே (எதையும் மாற்றாத நிலையிலேயே) அது 115ஐத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. ஓவர்கிளாக் செய்த பிறகும் அதே 115தான். அதே மின்சாரத்துக்குள் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கிறது. 87 டிகிரியைத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, இந்த இரண்டு ஸ்லைடரை வைத்துக்கொண்டு கார்டை எரித்துவிடுவது சுலபமில்லை. போவது உங்கள் வேலைதான்: ரெண்டர் (எடிட் செய்ததை வீடியோவாக ஆக்கும் வேலை) பாதியில் நிற்கும், சேவ் செய்யாத புராஜெக்ட் போகும்.

இன்னொரு விஷயமும் இங்கே சொல்லிவிடுகிறேன். எல்லா 3060உம் 115 வாட் இல்லை. 60 வாட்டிலிருந்து 115 வரை லேப்டாப் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மெலிந்த லேப்டாப்பில் 80 வாட் கார்டை வாங்கிவிட்டு என் அளவுக்கு ஃபிரேம் வரவில்லையே என்றால் எந்த ஸ்லைடரும் காப்பாற்றாது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் உச்ச வாட் எவ்வளவு என்று இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

கோர் கிளாக்கை 25, 25 மெகாஹெர்ட்ஸாகக் கூட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் கார்டைச் சோதித்து ஸ்கோர் கொடுக்கும் யூனிஜின் ஹெவனைச் சின்ன ஜன்னலில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஃபர்மார்க் என்ற இன்னொரு சோதனை மென்பொருளை நான் தொடுவதில்லை. கார்டை வறுப்பது தவிர வேறு எதையும் அது சொல்வதில்லை. ஹெவனில் +150 வரை ஒரு குறையும் இல்லை. அதே எண்ணில் ரிசால்வைத் திறந்து, ராத்திரி ரிசப்ஷன் கிளிப் ஒன்றுக்கு, இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகளை நீக்கும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு ரெண்டர் கொடுத்ததும் திரை ஒரு நொடி கறுத்துப் போனது. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண் உட்கார்ந்திருந்தது. கார்டு இரண்டு நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் தட்டி எழுப்பிவிடும், அதன் பதிவுதான் அது. +110க்கு இறக்கிய பிறகு அது திரும்ப வரவில்லை. கேமில் நிற்கும் எண் ரெண்டரில் நிற்கும் என்று நம்பாதீர்கள். எது உங்கள் பிழைப்போ அதில் சோதியுங்கள்.

மெமரி கொஞ்சம் கள்ளத்தனமானது. ஆஃப்டர்பர்னரில் இது 7001 என்று காட்டும், உண்மையான வேகம் அதன் இரு மடங்கு, நொடிக்கு 14 ஜிகாபிட். இங்கே +500 என்றால் 15 ஜிகாபிட் ஆகிறது. அதிகமாக ஏற்றினால் உடனே விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிழையைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பிக்கொண்டே சமாளிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஃபிரேம் மட்டும் குறைய ஆரம்பிக்கும். அதனால் ஸ்லைடர் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்காமல் ஹெவன் ஸ்கோர் எங்கே இறங்க ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். திரையில் புள்ளி புள்ளியாகப் பனி பெய்தாலோ கட்டம் கட்டமாகத் தெரிந்தாலோ அப்போதே இறக்கிவிடுங்கள். என் கார்டில் மெமரியின் வெப்பத்தைக் காட்டும் எண்ணே கிடையாது. அதனால் +500ஓடு நிறுத்திக்கொண்டேன்.

இத்தனையும் ஆடியில் செட் செய்தது. சித்திரை பிறந்து கத்திரி வெயில் வந்ததும் கதை மாறியது. வெளியே 40ஐத் தாண்டுகிறது, அறைக்குள் ஏசி போடாவிட்டால் மத்தியானம் கீபோர்டு தொட்டால் சுடுகிறது. கார்டு 84, 85ஐப் பிடித்துக்கொண்டு நிற்கும். சூடு ஏற ஏறக் கார்டு 15 மெகாஹெர்ட்ஸ் படியாக வேகத்தை இறக்கிக்கொண்டே வரும். போதாததற்குப் பிராசஸரும் சூட்டை வெளியே கடத்தும் அதே ஹீட் பைப்பில்தான் தன் சூட்டையும் கொட்டுகிறது. நான் ஏற்றி வைத்த 110 எங்கே போனது என்றே தெரியவில்லை. "இன்னாண்ணா, ஃபேன் இந்தக் கத்து கத்துது, ஆஃப் பண்ணிடட்டா?" என்று ஆல்பம் டிசைன் பண்ணும் தம்பி கேட்க ஆரம்பித்துவிட்டான்.

இந்த மென்பொருளை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவது இந்த இடத்தில்தான். கன்ட்ரோலோடு எஃப் அழுத்தினால் ஒரு ஜன்னல் திறக்கும். கீழே மில்லிவோல்ட், பக்கத்தில் மெகாஹெர்ட்ஸ், நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வளைவு. மேலே சொன்ன அட்டவணையின் படம் அது. 800 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 1755 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினேன். அதற்கு வலப்பக்கம் உள்ள புள்ளிகளை ஷிஃப்ட் அழுத்திச் சேர்த்துப் பிடித்து அந்த உயரத்துக்குக் கீழே இழுத்துவிட்டு டிக் குறியை அழுத்தினால், 800க்கு அப்புறம் கோடு நேராகிவிடும். இனி கார்டு 800ஐத் தாண்டாது. இதைக் கார்டு சூடாக இருக்கும்போது செய்யுங்கள். குளிர்ந்த நிலையில் வளைவே கொஞ்சம் மேலே நகர்ந்து நிற்கும், எண் பிசகிவிடும்.

வேகத்தைவிட வோல்ட்டேஜ்தான் மின்சாரத்தை அதிகம் குடிக்கும், வர்க்கக் கணக்கில் ஏறும். அதனால் வோல்ட்டேஜைக் கொஞ்சம் குறைத்தாலே வாட் நன்றாக இறங்குகிறது. 115இல் நின்ற கார்டு 90, 95 வாட்டில் ஓடுகிறது. 85 டிகிரி 77 ஆனது. ஃபிரேமில் கண்ணுக்குத் தெரிந்த இழப்பு இல்லை, மத்தியானத்தில் பார்த்தால் ஸ்டாக்கைவிட ஒன்றிரண்டு கூடுதலாகவே வருகிறது. இதை அண்டர்வோல்ட் என்பார்கள். ஓவர்கிளாக் செய்ய வந்தவனுக்கு இது சப்பென்று இருக்கலாம். வடாற்காடு சித்திரையில் இதுதான் வேலைக்கு ஆகிற ஓவர்கிளாக். ஆஃப்டர்பர்னரில் ஐந்து ப்ரொஃபைல் சேமிக்கலாம். என்னுடையதில் 1 ஆடிக்கு, 2 சித்திரைக்கு.

விண்டோஸ் திறந்ததுமே செட்டிங்கைப் போட்டுவிடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. எண் உறுதியாகும் வரை அதை அமுக்காதீர்கள். அமுக்காமல் இருந்தால், விழுந்தாலும் ரீஸ்டார்ட் செய்ததும் கார்டு பழைய நிலைக்கு வந்துவிடும். கரண்ட் போனால் இந்த விளையாட்டே நின்றுவிடும். சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் கார்டுக்குக் கிடைக்கும் வாட்டே வேறு. என் பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றியது அதனால்தான்.

அக்கா மகனுக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவன் ஆடுவது வாலரண்ட். அதில் திணறுவது பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு பாதி சும்மா இருக்கிறது. சைபர்பங்க் மாதிரி கார்டைப் பிழியும் கேமில்தான் அந்த ஐந்து ஏழு தெரியும், 60 ஃபிரேம் 63, 64 ஆகும். ரெண்டரிலும் அப்படித்தான். நாய்ஸ் ரிடக்‌ஷனில் வித்தியாசம் தெரிகிறது. வெறும் எக்ஸ்போர்ட்டில் தெரியவில்லை, என்கோடிங் வேலையைச் சிப்பில் தனியாக ஒரு பகுதி பார்க்கிறது.

"மாமா, பவர் லிமிட் நகர மாட்டேங்குதே, வேற பயாஸ் போட்டா 130 வாட் வருமாமே?" என்று ஒரு நாள் வீடியோ ஒன்றைக் காட்டினான். "வேணாம்டா, அது எனக்குச் சோறு போடுற மெஷினு" என்றேன். கார்டின் பயாஸை (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) மாற்றி எழுதுவதும் மதர்போர்டில் மின்சாரத்தை அளக்க வைத்திருக்கும் ஷன்ட் ரெசிஸ்டரில் கை வைப்பதும் வேறு ரகம். அங்கே அந்தப் பூட்டு இல்லை. லேப்டாப்பில் கார்டு மதர்போர்டோடு ஒட்டியிருப்பது, போனால் மொத்தமாகப் போகும். சார்ஜரும் ஹீட் பைப்பும் அதற்குத் தகுந்த அளவில்தான் செய்யப்பட்டிருக்கும்.

அந்த 130 வாட்டுக்கு ஆசைப்படும் நேரத்தில் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். நான் பழைய ஆல்பம் அட்டை இரண்டை அடியில் சொருகியிருக்கிறேன், மூன்று நான்கு டிகிரி குறைகிறது. காட்பாடி ரோட்டுத் தூசி ஃபேனுக்குள் பஞ்சாகப் படியும். வருஷம் ஒரு தடவை திறந்து சுத்தம் செய்து, சிப்பின் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்டை மாற்றினால் நல்லது.

மே மாதம் காட்பாடிப் பக்கம் மாணவர்களிடம் கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பென் டிரைவில் ஆஃப்டர்பர்னரையும் ஹெவனையும் கொண்டுபோங்கள். அவர்கள் போட்டு வைத்த ஓவர்கிளாக் இருந்தால் ரீசெட் செய்துவிட்டு, சார்ஜரைச் சொருகி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வாட் சொன்ன அளவுக்கு ஏறுகிறதா, 87ஐத் தொட்டு வேகம் விழுகிறதா என்று பாருங்கள். ஏசி அறையில் காட்டினால் ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.