பெயர் ஒன்று, ஆட்டம் இரண்டு: கணினி ஃபிஃபாவும் பிஎஸ் 5 ஃபிஃபாவும்

பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பசங்களுக்குப் பந்து என்றால் முதலில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து, அப்புறம்தான் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஃபிஃபா வீடியோ கேம். அதிலும் பிஎஸ் 5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோல்) வைத்திருப்பவர்கள் குறைவு, படிப்புக்கென்று பொள்ளாச்சியிலோ கோவையிலோ வாங்கிய கணினியில் ஆடுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கூட்டத்தைத்தான் இந்த ஆட்டங்களைச் செய்யும் நிறுவனங்கள் வருஷக்கணக்கில் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தன.

ஃபிஃபா 22-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ வீரர்கள் 22 பேருக்கும் உணரி உடை மாட்டி, முழு ஆட்டத்தையும் பதிவு செய்து உருவாக்கிய ஹைப்பர்மோஷன் என்ற அசைவுத் தொழில்நுட்பம்தான் அந்த வருஷத்துப் பெரிய விஷயம். பிஎஸ் 5-ல் உயரப் பந்து வரும்போது பாருங்கள், தடுப்பாட்டக்காரர் எட்டைக் குறுக்கி வைத்து, உடம்பைத் திருப்பி, நேரம் பார்த்து எகிறுவார், அவருக்குப் பின்னால் மொத்த வரிசையும் சேர்ந்து நகரும். கணினியில் அதே ஆள் சறுக்கிக்கொண்டு வந்து பந்துக்கு அடியில் நிற்பார். பெட்டியில் ஒரே பெயர், உள்ளே இருப்பது பிஎஸ் 4-க்குச் செய்த ஆட்டம்.

புதிய பதிப்பு கொடுத்தால் குறைந்தபட்சக் கணினித் தேவை ஏறிவிடும் என்பது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தரப்பு சொன்ன காரணம். இது என்னிடம் செல்லாது. அதே ஹைப்பர்மோஷன், இணையம் வழியாக ஆட விட்ட கூகுளின் ஸ்டேடியா சேவையில் ஓடியது, 2023-ல் மூடப்பட்ட அந்த ஸ்டேடியா என்பதே எங்கோ தரவு மையத்தில் இருந்த கணினிதானே! அது மட்டுமா, அதே நிறுவனம் வெளியிட்ட கார் பந்தய ஆட்டமான எஃப்1 22 கணினிக்கு முழுசாக வந்தது, கண்ணில் மாட்டிக்கொண்டு ஆடும் விஆர் வசதி கணினிக்கு மட்டுமே கிடைத்தது. பழைய கணினிக்காரர்களுக்கு அமைப்புகளில் தரத்தைக் குறைத்துக்கொள்ள வழி வைத்தால் போதும், எல்லா ஆட்டத்திலும் அப்படித்தானே இருக்கிறது. கன்ட்ரோலர் இல்லாமல் எப்படி ஆடுவது என்று பாலக்காட்டு நண்பர்கள் கேட்பார்கள், அந்தக் காலமெல்லாம் போய்விட்டது, யுஎஸ்பியில் சொருகினால் வேலை முடிந்தது.

உண்மையான காரணம் காசு வரும் வழி என்றுதான் நான் நினைக்கிறேன். வருமானம் அல்டிமேட் டீம் என்ற, சொந்த அணி சேர்த்து ஆடும் பகுதியில் வீரர் அட்டைப் பொதி விற்பதில் இருக்கிறது, கன்சோல் பூட்டிய பெட்டி, அங்கே ஏமாற்றுவது கஷ்டம். கணினியில் ஏமாற்று மென்பொருள் நுழையும், திருட்டுப் பிரதி பரவும், போதாததற்கு ஜெர்சியும் முகமும் ரசிகர்களே செய்து இலவசமாகப் போட்டுக்கொள்வார்கள். ஃபிஃபா 23-ல் கணினிக்கும் புதிய பதிப்பு வந்தது, ஆனால் கூடவே கணினி இயங்குதளத்தின் அடிமட்டமான கெர்னல் வரை இறங்கும் ஏமாற்றுத் தடுப்பும் வந்தது, பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் ஒரே வீரர் சந்தையைப் பகிர, கணினிக்குத் தனிச் சந்தை. இதற்கு மேல் வருஷா வருஷம் தேதி தவறாமல் வெளியிட வேண்டிய ஆட்டம், நூறு விதமான கிராஃபிக்ஸ் கார்டில் சோதிக்க நேரம் ஒதுக்க மனசு வராது.

மற்ற தொடர்களிலும் இதே கதைதான். கூடைப்பந்து ஆட்டமான என்பிஏ 2கே-யில் 21 முதல் 24 வரை கணினிக்குப் பழைய தலைமுறைப் பதிப்பு, 25-ல்தான் சமமானது. கொனாமியின் கால்பந்து ஆட்டமான பிஇஎஸ்ஸில் 2018 பதிப்பில்தான் கணினிக்கு பிஎஸ் 4 தரம் கிடைத்தது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டமான மேடன் 08-க்குப் பிறகு 19 வரை கணினிப் பக்கமே வரவில்லை, ஐஸ் ஹாக்கி ஆட்டமான என்எச்எல் 09-ஓடு போனது போனதுதான்.

கிரிக்கெட்டில்தான் எனக்கு ரொம்ப வருத்தம். கிரிக்கெட் 07-க்கு அப்புறம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கணினிக்கு கிரிக்கெட்டே செய்யவில்லை. ஆனால் 2006-ல் வந்த அந்த ஆட்டத்தில், ஐபிஎல் பிறப்பதற்கு முன்பே வந்த ஆட்டத்தில், ரசிகர்கள் ஐபிஎல் அணிகளையே கொண்டுவந்து சேர்த்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு விசுவாசமான கூட்டத்தை எந்தக் கன்சோலில் பார்க்க முடியும்?

சரி, எதை வாங்குவது? கிரிக்கெட்டுக்குக் கணினியே போதும், பிக் ஆன்ட் நிறுவனத்தின் கிரிக்கெட் 24 இருக்கிறது, பழைய 07-ம் ஓடும். கால்பந்துக்கும் இப்போது கணினி தாங்கும், ஆனால் ஃபிஃபா 22-ஓ அதற்கு முந்தையதோ எங்காவது கிடைத்தால், பிஎஸ் 5 காணொளியைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஐஸ் ஹாக்கியோ பேஸ்பாலில் எம்எல்பி தி ஷோவோதான் வேண்டும் என்றால் கன்சோலைத் தவிர வழியில்லை.