தேவைகளை எங்கே எழுதி வைப்பது? ஷீட், ஜிரா, டோர்ஸ், டோர்ஸ்டொப்: ஒரே மாற்றத்தை வைத்து ஓர் ஒப்பீடு

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலைக்குக் கொள்வனவு மென்பொருள் செய்து கொடுத்தோம். கல்லடியில் ஒரு மேல்மாடி அறை, நான்கு பேர், எங்கள் நிறுவனம் அவ்வளவுதான். பெரும்போக அறுவடை நேரம், ஆலை வாசலில் லொறிகள் வரிசையாக நிற்கும்போது முதலாளி போன் எடுத்தார். "தம்பி, சாக்கைக் கழிச்சுப்போட்டுத்தானே ஈரத்துக்குக் கழிக்கச் சொன்னேன், இது சாக்குக்கும் சேர்த்து ஈரம் கழிக்குது" என்றார்.

கணக்கைப் பாருங்கள். சாக்கோடு 66 கிலோ நிற்கிற மூடை, சாக்குக்கு 1 கிலோ, ஈரத்துக்கு 3 வீதம். முதலில் சாக்கைக் கழித்தால், 65 கிலோவில் 3 வீதம் போக 63.05 கிலோ. முதலில் ஈரத்தைக் கழித்தால் 64.02, அதில் சாக்கு போக 63.02. மூடைக்கு 30 கிராம் விவசாயிக்கு நட்டம், ஒரு நாளில் 500 மூடை இறங்கினால் 15 கிலோ. மென்பொருள் என்னென்ன செய்யவேண்டும் என்ற தேவைகளை நாங்கள் எழுதி வைத்த கூகுள் ஷீட்டில் "ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்க வேண்டும்" என்று ஒரே வரியில் இருந்தது, எது முதலில் என்று இல்லை. அன்றிரவே விலைக் கணக்கிலும் களஞ்சியக் கணக்கிலும் திருத்திவிட்டோம். பற்றுச்சீட்டு தனியாக ஒரு கணக்குப் போடுகிறது என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அடுத்த நாள் காலை ஒரு வயதானவர் சீட்டில் ஒரு தொகையும் கையில் ஒரு தொகையுமாகக் காசாளர் முன்னால் நின்றார். கையில் இருந்ததுதான் கூட. இருந்தும், பிழையாகத் தந்துவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்பார்களோ என்று அவர் அந்தக் காசை எண்ணிக்கொண்டே நின்றாராம். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு மனம் சரியில்லை.

அதனால் சிறுபோகத்துக்கு முன் அந்தத் திட்டத்தின் 41 தேவைகளையும் எடுத்து, வேறு வேறு கருவிகளில் ஏற்றி, இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்தோம். "பற்றுச்சீட்டையும் பார்" என்று எது சொல்கிறது? இதுதான் கேள்வி. இப்படியான கருவிகளிடம் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 2009இலேயே 24766 என்ற இலக்கத்தில் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, அதை வைத்து நீளமாகப் பட்டியல் போட்டுப் புள்ளி கொடுக்கிற வழியும் இருக்கிறது. பெரிய இடங்களுக்கு அது சரி. நான்கு பேருக்கு ஒரு மாற்றம் போதும், ஆனால் அது ஏற்கனவே உங்களைச் சுட்ட மாற்றமாக இருக்கவேண்டும்.

முதலில் கூகுள் ஷீட், நாங்கள் பழகிய இடம். காசு இல்லை, எல்லோருக்கும் தெரியும், யார் எந்தக் கட்டத்தை எப்போது மாற்றினார் என்றுகூடப் பார்க்கலாம். ஆனால் ஏழாவது வரியை மாற்றினால் இருபத்திரண்டாவது வரிக்கு அது தெரியாது. "தொடர்புடையவை" என்று ஒரு நிரல் வைத்து இலக்கங்களை எழுதலாம், நாங்களும் எழுதினோம், இரண்டு கிழமைக்குப் பிறகு அதை ஒருவரும் புதுப்பிப்பதில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. ஷீட்டை சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாக இறக்கி எக்செலில் நேரே திறந்தால் பல கணினிகளில் தமிழ் எல்லாம் கோணல் குறிகளாக வந்து நிற்கும். எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்து உள்ளே எடுக்கவேண்டும், அதை ஆலையில் இருக்கிற கணக்கப்பிள்ளைக்குப் போனில் விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போகும். எங்கள் சோதனையில் ஷீட் ஒன்றுமே சொல்லவில்லை.

அப்புறம் ஜிரா. 2002இல் வந்தது, பிழைகளையும் வேலைகளையும் பின்தொடரச் செய்யப்பட்டது, அந்தக் குணம் இன்னும் இருக்கிறது. பத்துப் பேர் வரை இலவசம், ஆகவே எங்களுக்குக் காசு பிரச்சினையில்லை. ஒன்றோடு ஒன்றைத் தொடுக்கலாம், அதோடு சேர்த்துப் பாவிக்கிற ஆவணக் கருவியான கொன்ஃபுளுவன்ஸில் விளக்கத்தை எழுதி இரண்டையும் இணைக்கலாம். ஆனால் தொடுப்பு வெறும் தொடுப்பாகவே கிடக்கிறது. மூலத் தேவையின் வாசகத்தை மாற்றினால் மறுபக்கம் இருக்கிற பற்றுச்சீட்டுக்கு ஒரு அடையாளமும் விழாது, நீங்களே போய்த் திறந்து பார்த்தால்தான் உண்டு. "முதலாளி ஒப்புக்கொண்ட நாளில் 41 தேவையும் எப்படி இருந்தன" என்று மொத்தமாக உறையவைக்கவும் வழி இல்லை. இரண்டுக்கும் காசு கொடுத்து வாங்குகிற கூட்டுச் செருகிகள் இருக்கின்றன. அங்கேதான் நான் தயங்குகிறேன். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்கு மேல் போனதை நாங்கள் பார்த்தவர்கள், மாதாமாதம் டொலரில் போகிற எந்தக் கட்டணத்தையும் இரண்டு தரம் யோசிக்கிறோம். அதோடு தங்கள் சொந்த சேர்வரில் ஜிராவை ஓட்டியவர்களுக்கான ஆதரவு 2024 பெப்ரவரியில் நின்றுபோனது, பழையபடி ஒரு தரம் வாங்கி வைத்துக்கொள்கிற வழியும் சிறிய குழுக்களுக்கு இல்லை. வேலையைப் பிரித்துக் கொடுக்க ஜிரா நல்லது, அதற்கு இன்னும் பாவிக்கிறோம்.

டோர்ஸை நாங்கள் சோதிக்கவில்லை, உரிமம் வாங்குகிற நிலையில் இல்லை. ஆனால் கொழும்பில் வேலை செய்தபோது ஒரு வெளிநாட்டு வாகனத் திட்டத்துக்காக அதில் ஒன்றரை வருடம் இருந்தேன். டெலிலொஜிக் என்ற நிறுவனத்திடம் இருந்து 2008இல் ஐபிஎம் கைக்கு வந்த கருவி அது. பார்க்க பழசாக இருக்கும், பழக நாள் எடுக்கும். ஆனால் மேலே ஒரு தேவையை மாற்றினால் கீழே தொடுத்த ஒவ்வொன்றிலும் சந்தேகக் குறி விழும், நிலையை உறையவைத்துப் பிறகு ஒப்பிடலாம், பெரிய ஆவணத்திலும் திணறாது. வாகனம், விமானம், மருத்துவக் கருவி என்று உயிரோடு சம்பந்தப்பட்ட வேலையை இங்கிருந்து செய்யப் போகிறவர்களுக்குத் தெரிவு பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்காது, டோர்ஸோ, அதே வகைக் கருவிகளான ஜாமாவோ போலாரியனோ, வாடிக்கையாளர் சொல்வதுதான். அப்படியானவர்கள் ரெக்ஐஎஃப் என்ற பரிமாற்ற வடிவத்தைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். ஜெர்மன் வாகன நிறுவனங்களிடையே தொடங்கிய அது 2011இல் பொதுத் தரமானது, ஒரு கருவியில் இருந்து இன்னொன்றுக்குத் தேவைகளைக் கொண்டுபோக அதுதான் பாலம்.

சரி, எங்களுக்குப் பொருந்தியது எது? டோர்ஸ்டொப். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இது பைதனில் எழுதிய இலவசத் திறந்த மூலக் கருவி. ஒவ்வொரு தேவையும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு, மென்பொருள் நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் (Git) என்ற கருவியிலேயே, நிரலோடு சேர்ந்து இருக்கும். ஒரு தேவையில் இருந்து வருகிற பிள்ளைத் தேவை அந்தத் தாய்த் தேவையைச் சுட்டும்போது, தாயின் அப்போதைய வாசகத்தில் இருந்து கணித்த கைரேகை போன்ற ஒரு குறியீட்டையும் குறித்து வைக்கிறது. தாய் மாறினால் கைரேகை பொருந்தாது, உடனே எச்சரிக்கை வரும். கழிக்கிற ஒழுங்கை மாற்றி ஓடவிட்டோம். விலைக் கணக்கு, களஞ்சியம், மாத அறிக்கை, பற்றுச்சீட்டு என்று நான்கு வரி திரையில் விழுந்தது.

இதில் ஒன்றை மறைக்கக்கூடாது. பற்றுச்சீட்டைத் தொடுத்து வைத்தது நாங்கள்தான். தொடுக்காததை எந்தக் கருவியும் சொல்லாது, டோர்ஸும் சொல்லாது. 41ஐயும் தொடுக்க எங்களுக்கு ஒரு முழுச் சனிக்கிழமை போனது. ஆனால் ஷீட்டில் இதே வேலையைச் செய்தும் பலன் இல்லாமல் போனது, இங்கே பலன் இருக்கிறது, அதனால்தான் ஆட்கள் தொடர்ந்து செய்கிறார்கள். கரண்ட் போனாலும் லைன் விழுந்தாலும் மடிக்கணினியில் எல்லாம் இருப்பது இன்னொரு நிம்மதி. ஸ்ட்ரிக்ட்டொக் என்று இதே வகையில் இன்னொன்றும் உண்டு, அதில் முழு ஆவணமும் ஒரே கோப்பில் இருக்கும், உலாவியிலேயே திருத்தலாம், ரெக்ஐஎஃப்க்கும் மாற்றலாம். கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையைக் கண்டால் விலகுகிற ஆட்கள் உங்கள் குழுவில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

எந்தக் கருவியும் தீர்க்காதது வாசகம். ரோல்ஸ் ரொய்ஸில் இருந்த அலிஸ்டர் மேவினும் கூட இருந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஏர்ஸ் என்ற எழுத்து முறை வழமையாக நடப்பதையும் நடக்கக்கூடாததையும் வேறு வேறு சொல்லால் தொடங்கச் சொல்கிறது. தமிழில் "லொறி வந்தால்" என்பதும் "தராசு பழுதானால்" என்பதும் ஒரே "ஆல்"தான். ஆகவே வழமைக்கு "வரும்போது" என்றும் கோளாறுக்கு மட்டும் "ஆல்" என்றும் எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். எழுதிப் பாருங்கள், விடுபட்ட கோளாறுகள் தானாகக் கண்ணில் படும்.

முதலாளி இந்தக் கருவி ஒன்றையும் திறக்கப் போவதில்லை, திறக்கச் சொல்வதும் நியாயமில்லை. டோர்ஸ்டொப் தருகிற வலைப்பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆலை விறாந்தையில் இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார், "மூடை" என்று வந்த இடத்தில் எல்லாம் பேனாவால் வெட்டி, பக்கத்தில் "பச்சை மூடையா, காய்ந்த மூடையா?" என்று எழுதினார். ஒரு வருடமாக நாங்கள் கேட்காத கேள்வி அது. வந்து ஏற்றியதும் ஏழு தேவைகளுக்கு எச்சரிக்கை விழுந்தது, இரண்டாவது வரியிலேயே பற்றுச்சீட்டு இருந்தது.