பிரேக் ஆயில் குறைகிறது என்று வண்டியைக் கொடுத்தேன். 7,400 ரூபாய் போனது

நேற்று மாலை புதுச்சேரியிலிருந்து கடலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கன்னியக்கோவிலைத் தாண்டியதும் முன்னால் சென்ற ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் எந்தத் தடையும் இல்லாமல் கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. பின் பிரேக்கை மிதித்து, வண்டியை இடப்பக்க மண்ணில் இறக்கி, எப்படியோ நிறுத்திவிட்டேன். அடி எதுவும் படவில்லை. ஆனால் இந்தப் பிரேக்கைச் சரிசெய்வதற்காகத்தான் இருபத்தாறு நாள்களுக்கு முன்பு 7,400 ரூபாயைக் கட்டியிருந்தேன். கைநடுக்கம் அடங்கியதும் வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை, போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 150 சிசி வண்டி, ஐந்து ஆண்டுப் பழையது, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும் உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறேன். சில மாதங்களாக, ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் சிறு கண்ணாடியில் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஊற்றினால் இரண்டு வாரத்தில் மீண்டும் கீழ்க்கோட்டைத் தொட்டுவிடும். சக்கரத்தின் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பிக்கொள்வதால் மேலே அளவு இறங்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த இறக்கம் பல மாதங்களில் மெல்ல நடப்பது. இது எங்கோ ஒழுகுகிறது என்று புரிந்தது. எங்கே என்றுதான் புரியவில்லை. காலிப்பர் காய்ந்திருந்தது, ஆயில் போகும் ஹோஸ் காய்ந்திருந்தது, வண்டி நிற்கும் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

அப்போதுதான் வீட்டு வாசலுக்கே வந்து வண்டியை எடுத்துச் சென்று பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்லும் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சீருடை அணிந்த இளைஞர் ஒருவர் வந்து, வண்டியைச் சுற்றிலும் படமெடுத்து, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, “கவலைப்படாதீங்க சார், என்ன பிரச்சினைன்னு வீடியோவே அனுப்புவோம்” என்றார். நான் ஏமாந்த இடம் அதுதான். தெருமுனைக் கடையில் என்ன கோளாறு என்று வாயால்தான் சொல்வார்கள். இவர்கள் கண்ணாலேயே காட்டுகிறார்களே என்று நினைத்தேன். மதியம் பன்னிரண்டு விநாடி வீடியோ வந்தது. ஒரு காலிப்பர், அதன் விளிம்பில் திரண்டு நிற்கும் ஒரு சொட்டு, அதைச் சுட்டும் ஒரு விரல். ‘பிஸ்டன் சீல் போய்விட்டது, காலிப்பரையே மாற்ற வேண்டும், ஒப்புதல் தருக’ என்று கீழே எழுதியிருந்தது. அலுவலகத்தில் தேநீர் குடித்தபடியே ஒப்புதலைத் தட்டிவிட்டேன்.

காலிப்பர் 4,600, ஹோஸ் 1,150, பேட் 650, ஆயில் 150, கூலி 850. மொத்தம் 7,400 ரூபாய். வண்டி மாலையே திரும்பி வந்தது. கண்ணாடியில் ஆயில் மேல்கோடுவரை தளும்பியது; லீவர் கல்லைப் போல நின்றது. பழைய காலிப்பரைக் கேட்டேன். ‘அது ஸ்கிராப்புக்குப் போய்விடும், சார்’ என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

ஒன்பதாம் நாள் அளவு மீண்டும் கீழ்க்கோட்டில் நின்றது.

அதன் பிறகு அவர்கள் சொன்ன பதில்களை வரிசையாகவே எழுதுகிறேன். முதல் அழைப்பில், புதுப் பேட் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இரண்டாம் அழைப்பில், நானே ஆயில் ஊற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, மூடியைத் திறந்தால் முப்பது நாள் உத்தரவாதம் செல்லாது, எங்கள் ஆள் வந்துதான் திறக்க வேண்டும் என்றார்கள். அந்த ஆள் வரவே இல்லை. மூன்றாம் அழைப்பில், ஏபிஎஸ் யூனிட்டிலேயே கோளாறு இருக்கலாம், 18,000 ரூபாய்வரை ஆகும், ஒப்புதல் தருகிறீர்களா என்று கேட்டார்கள். நான்காவதுதான் உச்சம். வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் புதுச்சேரியில் இருக்கிறது, உங்கள் முகவரி தமிழ்நாட்டில் இருக்கிறது, இரண்டும் வேறு மண்டலம், ஆகவே புகாரை மாற்றி அனுப்ப வேண்டும் என்றார்கள். வண்டியை எடுத்துப்போகும்போது முள்ளோடை எல்லை அவர்களுக்கு ஒரு தடையாகத் தெரியவில்லை. 7,400 ரூபாயும் எல்லை தாண்டித்தான் போனது. மறுநாள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது.

உத்தரவாதத்துக்குப் பயந்து மூடியைத் தொடாமல் ஓட்டியது என் மடத்தனம், அதை மறுக்கவில்லை. ஆயில் அந்த அளவுக்கு இறங்கியதும் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. அதுதான் நேற்று லீவர் வெறுமனே போய் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம்.

இன்று காலை புதுப்பாளையத்தில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். அவர் காலிப்பர் பக்கம் குனியவே இல்லை. என் வலக்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “கிளவுஸ்ல விரல் பக்கம் பிசுபிசுன்னு இருக்குமே தம்பி, கவனிச்சியா?” என்று கேட்டார். கவனித்திருந்தேன்; வியர்வை என்று நினைத்திருந்தேன். பிரேக் லீவரைக் கழற்றி, லீவரை அழுத்தும்போது ஆயிலைக் கீழே தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் வாயில் இருந்த சிறிய ரப்பர் மூடியை ஸ்க்ரூடிரைவர் முனையால் மடக்கிக் காட்டினார். உள்ளே ஈரம் பளபளத்தது. மூடியை இன்னும் கொஞ்சம் பிதுக்கியதும் கறுத்த ஆயில் சொட்டாக இறங்கியது. அந்தச் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனின் வெளிப்பக்க சீல், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், தேய்ந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் துளித்துளியாகக் கசிந்து, ரப்பருக்குள் தேங்கி, ஓடும்போது லீவர் வழியாகச் சிதறிவிடுகிறது. நின்ற வண்டிக்குக் கீழே சொட்டைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

வழக்கில் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சார்ந்த திரவங்கள்; தண்ணீரில் கரைந்துவிடும், பெயின்ட்டை அரித்துவிடும். மழையில் நனைந்தால் தடமே இருக்காது. டேங்கின் முன்விளிம்பில் பெயின்ட் கொப்புளித்திருந்ததை நான் இத்தனை நாளும் கடலூரின் உப்புக் காற்றின் தலையில் போட்டிருந்தேன்.

அப்படியானால் அன்று கண்ணாடியில் ஆயில் தளும்பியது எப்படி என்று கேட்டேன். மெக்கானிக் அண்ணன் சிரித்தார். தடித்த புதுப் பேட்டைப் போட்டால் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு, ஆயில் மேலே ஏறும். போதாததை ஊற்றி நிரப்பினால் எந்த வண்டியும் அன்றைக்குச் சரியாகிவிட்டது போலத்தான் தெரியும். அதன் பிறகு, 4,600 ரூபாய்க்கு மாற்றியதாகச் சொன்ன ‘புதிய’ காலிப்பரைத் துணியால் துடைத்தார். போல்ட்டின் தலையில் பழைய ஸ்பேனர் காயங்களுக்கு மேலேயே கறுப்பு ஸ்பிரே அடித்திருந்தது. அது என் பழைய காலிப்பரேதானா, வேறு யாருடையதா என்று தெரியவில்லை. நேற்று இரவு அந்த வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, பின்னால் தெரிந்த சக்கரத்தில் நீலக் கோடு இருந்தது. என் வண்டியின் சக்கரம் முழுக் கறுப்பு.

மாஸ்டர் சிலிண்டர் கிட் 380, புது ஆயில், காற்றெடுக்கும் கூலி எல்லாம் சேர்த்து அண்ணனுக்குக் கொடுத்தது 750 ரூபாய். 7,400 எங்கே, 750 எங்கே!

எல்லாவற்றையும் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன்; இப்போது பொறுமையில்லை. ஆயில் குறைந்தால் முதலில் லீவருக்கு அடியில் இருக்கும் ரப்பரை மடக்கிப் பாருங்கள். ஹோஸ் போல்ட், காற்றெடுக்கும் நிப்பிள், காலிப்பர் ஆகிய இடங்களில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, லீவரை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி இரவு முழுவதும் விட்டால், நனைந்த பேப்பர் இடத்தைக் காட்டிவிடும். என்ஜின் ஆயிலைத் தவறிக்கூட ஊற்றாதீர்கள், சீல்கள் உப்பிவிடும். வீடியோ அனுப்பினால் உங்கள் நம்பர் பிளேட்டும் அதே வீடியோவில் தெரியட்டும். கழற்றிய பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள்.

புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆகவே அந்த ‘வேறு மண்டலம்’ கதை இனி என்னிடம் எடுபடாது. பில், வீடியோ, நான்கு அழைப்புகளின் தேதிகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்திலேயே மனு கொடுக்கிறேன். 7,400 ரூபாயோடு, என் பழைய காலிப்பரையும் அதில் கேட்டிருக்கிறேன்.