35 வயது வேன், 40 பவுண்டு ரிலே

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விக்ட்ரான் நிறுவனத்தின் சைரிக்ஸ்-சிடி என்ற 120 ஆம்பியர் ரிலேயை, அதாவது வேனின் இரண்டு பேட்டரிகளைத் தானே சேர்த்துப் பிரிக்கும் ஸ்விட்சை, ஒன்றரை வருஷமாக வைத்திருக்கிறேன், திருப்தி. ஆனால் அதற்கு முன்னால் வேறொரு கிட் வாங்கி அல்லாடிய கதையைச் சொல்லாமல் இதற்கு மதிப்பெண் போட முடியாது.

எங்கள் வேன் 1989இல் வந்த ஃபோக்ஸ்வேகன் டி25. பெட்ரோல் வண்டி, இன்ஜின் பின்னால். லீட்ஸில் இருக்கிறோம். நான் ஒரு பள்ளியில் லேப் டெக்னீஷியன். வண்டியை ஓட்டுவதும் நான்தான், ரிப்பேர் பார்ப்பதும் நான்தான். வீட்டுக்காரருக்குச் சமையலும் மேப்பும்.

கேம்பர் வேனுக்கு இரண்டு பேட்டரி வேண்டும். ஒன்று வண்டியைக் கிளப்ப. இன்னொன்று உள்ளே விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு, ஃபோன் சார்ஜர் ஓட. இரண்டாவதை இங்கே லெஷர் பேட்டரி என்பார்கள். டி25இல் ஸ்டார்ட்டர் பேட்டரி முன்சீட்டுக்கு அடியில், பயணி உட்காரும் பக்கம் இருக்கிறது. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இரண்டாவதற்கு இடம் உண்டு. அதாவது என் லெஷர் பேட்டரி மேல்தான் நான் உட்கார்ந்து ஓட்டுகிறேன்.

வாங்கும்போதே அங்கே ஒரு பேட்டரி இருந்தது. இரண்டையும் இணைக்க முந்தைய சொந்தக்காரர் ஒரு சாதாரண ஸ்விட்ச் போட்டிருந்தார். வண்டி ஓடும்போது போடணும், நின்றதும் அணைக்கணும். மறந்தால் காலையில் இரண்டும் காலி. வயர்களைச் சேர்த்திருந்தது வீட்டு விளக்குக்குப் போடும் பிளாஸ்டிக் கனெக்டரில். ஃபியூஸ் எங்கேயும் கிடையாது. கார்ப்பெட்டைத் தூக்கினால் ஒரு இடத்தில் பொசுங்கிய தடம். அந்த மனிதர் இந்த வண்டியில்தான் பத்து வருஷம் தூங்கியிருக்கிறார்.

அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இணையத்தில் ஒரு கடையில் கிட் வாங்கினேன். பெயர் சொல்லப் போவதில்லை; அதே சரக்கைப் பல பெயரில் பல பேர் விற்கிறார்கள். 35 பவுண்டுக்கு ரிலே, சிவப்பு வயர், இரண்டு ஃபியூஸ் ஹோல்டர், முனையில் போடும் லக்குகள் எல்லாம் வந்தன. ரிலேயில் 140 ஆம்பியர் என்று எழுதியிருந்தது, வயரில் 110 ஆம்பியர். ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் வேலை முடிந்தது. என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

இந்த ரிலேக்கள் செய்வது எளிமையான வேலை. இன்ஜின் ஓடினால், அதோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் ஸ்டார்ட்டர் பேட்டரியின் வோல்ட்டை 13க்கு மேலே ஏற்றும். அதைப் பார்த்து ரிலே இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துவிடும். இன்ஜின் நின்றதும் வோல்ட் இறங்கும், ரிலே பிரித்துவிடும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் ஓடினாலும் வண்டியைக் கிளப்பும் பேட்டரியில் கை வைக்காது. மறக்கிற ஆளுக்கு இதுதான் சரி.

அந்த ஜூலையில் வேல்ஸுக்குப் போனோம். அபெரிஸ்ட்வித் வழியாக செயின்ட் டேவிட்ஸ். மலை ரோட்டில் ஐந்தாறு மணி நேர ஓட்டம். வழியெல்லாம் சீட்டுக்கு அடியில் ‘டக்... டக்... டக்’ என்று ரிலே சேர்வதும் பிரிவதுமாக இருந்தது. வேலை செய்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி 2 மணிக்கு ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. பகல் வெயிலில் வேன் உள்ளே அடுப்பு மாதிரி காய்ந்திருந்தது. காலையில் கதவைத் திறந்தால், டப்பாவில் வைத்திருந்த இட்லி மாவு பொங்கி வழிந்து வெண்ணெய், பால், கீரை எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்திருந்தது. லீட்ஸில் ஜனவரியில் அடுப்புப் பக்கத்தில் போர்வை சுற்றி வைத்தாலும் பொங்காத மாவு.

ஊர் திரும்பியதும் பள்ளி இயற்பியல் அலமாரியிலிருந்து மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் கேட்டு வாங்கி வந்தேன். கிளாம்ப் மீட்டர் வயரைச் சுற்றிக் கவ்விக்கொண்டு எத்தனை ஆம்பியர் போகிறது என்று காட்டும். இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கிவிட்டு அளந்தேன். ஸ்டார்ட்டர் பேட்டரியில் 14.1 வோல்ட். லெஷர் பேட்டரியில் 13.3. நடுவே போவது 25 ஆம்பியர். 0.8 வோல்ட் வழியிலேயே காணோம். ஈய பேட்டரி நிறைய வேண்டுமானால் 14.2, 14.4 அளவுக்கு வேண்டும். 13.3இல் அது அரைவயிற்றுக் கஞ்சிதான் குடிக்கும். டக் டக் சத்தத்துக்கும் இதுதான் காரணம். ரிலே சேர்ந்ததும் காலி பேட்டரி இழுக்கிற இழுப்பில் வோல்ட் சரியும், ரிலே பயந்து பிரியும், மறுபடி ஏறும், மறுபடி சேரும்.

முதலில் பேட்டரியின் மைனஸை வேன் உடம்போடு சேர்க்கும் எர்த் முனையைப் பார்த்தேன். பழைய வண்டியில் எல்லோரும் சிவப்பு வயரையே பார்ப்பார்கள். போன கரண்ட் திரும்பி வருவது இந்த வழியாகத்தான். என் வேனில் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருந்தது, அடியில் துரு. வெறும் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை சுரண்டி, முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். அதிலேயே 0.8 என்பது 0.55 ஆனது. இந்த 0.25க்கு கிட் பொறுப்பில்லை, அதையும் சொல்லணும்.

மீதி 0.55 கிட்டின் கணக்கு. வயரின் முனையை வெட்டி, ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு! தொட்டால் விரல் தடிமன், ஆனால் பாதி தடிமன் பிளாஸ்டிக் உறை. ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று ஏற்கெனவே பழுப்பேறி இருந்தது, இன்னொரு கோடை தாங்கியிருக்காது. கடைக்காரருக்குப் படத்தோடு எழுதினேன். ‘இது வழக்கமான வயர்தான் மேடம்’ என்று பதில் வந்தது. இரண்டு கடிதம் கழித்துப் பாதிப் பணம் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

இரண்டாவது முறை கிட்டே வேண்டாம் என்று ஒவ்வொன்றாக வாங்கினேன். சைரிக்ஸ் ரிலே 40 பவுண்டு சொச்சம். படகுச் சாமான் விற்கும் கடையிலிருந்து ஈயம் பூசிய சுத்தச் செம்பு வயர், 16 சதுர மி.மீ., இரண்டரை மீட்டர். போல்ட் போட்டு இறுக்கும் 80 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு. என் ஆல்டர்னேட்டர் 65 ஆம்பியர்தான் தரும், அதனால் 80 போதும். ஏன் இரண்டு ஃபியூஸ் என்று வீட்டுக்காரர் கேட்டார். அந்த வயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்காவது உரசி வேன் உடம்பில் பட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் போட்டால் மறுபக்கம் எரிந்துகொண்டே இருக்கும். இரண்டும் அந்தந்தப் பேட்டரியை ஒட்டியே இருக்கணும்.

லக்கைச் சுத்தியலால் தட்டி ஒட்டவைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் லக்கை வயரோடு அழுத்திப் பிடிக்கவைக்கும் ஹைட்ராலிக் கிரிம்பர் இருந்தது. ஒரு டப்பா முறுக்கு கொடுத்து இரவல் வாங்கினேன். அழுத்திய பிறகு வயரும் லக்கும் ஒரே துண்டாகிவிடுகிறது.

பேட்டரியில் கை வைக்கும் முன் மைனஸ் முனையைக் கழற்றுவது எல்லோருக்கும் தெரியும். கையில் கழுத்தில் இருப்பதையும் கழற்ற வேண்டும். வளையல் பிளஸ் முனையையும் வேன் இரும்பையும் ஒரு கணம் தொட்டால் போதும், நொடியில் பழுக்கும், கை வெந்துவிடும். தாலிச் செயினையும் கழற்றி வைத்தேன் என்று அம்மாவிடம் ஃபோனில் உளறிவிட்டேன். பேட்டரி வேலையை விட அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் நேரம் அதிகம் பிடித்தது.

சரி, ரிலேக்கு வருகிறேன். உள்ளங்கையில் அடங்கும். பெரிய போல்ட் இரண்டு, ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒன்று. எர்த்துக்கு ஒரு மெல்லிய முனை, விருப்பப்பட்டால் ஸ்விட்ச் போட இன்னொன்று. இவ்வளவுதான். 13 வோல்ட்டில் உடனே பாய்ந்து சேராது. சுமார் பத்து நிமிஷம் பொறுத்துப் பார்க்கும். வோல்ட் உயர உயர அந்தப் பொறுமை குறையும், 13.8 வந்தால் சில நொடியில் சேர்ந்துவிடும். பிரிவதும் அப்படித்தான், கொஞ்சம் இறங்கினால் காத்திருக்கும், நிறைய இறங்கினால் சட்டென்று பிரியும். அதனால் அந்த டக் டக் அறவே இல்லை. காலையில் கிளப்பினால் ஒரு முறை ‘டக்’, நிறுத்தினால் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

மறுபடி அளந்தேன். 30 ஆம்பியர் போகும்போது ஸ்டார்ட்டர் பேட்டரியில் 14.1, லெஷரில் 13.95. இழப்பு 0.15 வோல்ட். இந்த லாபத்தில் பெரும்பங்கு வயருக்கும் ஃபியூஸ் ஹோல்டருக்கும். பழைய ரிலேயையே நல்ல வயரில் போட்டிருந்தால் பாதி தொல்லை தீர்ந்திருக்கும். சைரிக்ஸை மட்டும் வாங்கி மட்ட வயரில் மாட்டினால் காசு வீண்.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்று. இது இரண்டு பக்கமும் வோல்ட்டைப் பார்க்கிறது. குளிர்காலத்தில் வேன் வாசலில் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். வீட்டிலிருந்து கரண்ட் இழுத்து லெஷர் பேட்டரிக்குச் சார்ஜர் போட்டால், இந்த ரிலே தானே சேர்ந்து ஸ்டார்ட்டர் பேட்டரிக்கும் கொடுத்துவிடுகிறது. போன மார்ச்சில் முதல் திருகலிலேயே வண்டி கிளம்பியது. அதற்கு முந்தைய மூன்று வருஷமும் பக்கத்து வீட்டு காரிலிருந்து ஜம்ப் கேபிள்தான்.

பேட்டரி பற்றியும் கொஞ்சம். என் சீட்டுப் பெட்டியை அளந்து பார்த்தால் 110 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி எதுவும் நுழையாது, 80தான் நுழைந்தது. தூங்குகிற இடத்தில் இருப்பதால் ஏஜிஎம் என்ற, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகையை வாங்கினேன். தண்ணீர் ஊற்றும் பழைய வகை சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அதை ஒரு குழாய் வைத்துத் தரை வழியாக வெளியே விடணும். ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும், 12.2 வோல்ட் வந்தால் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 80இல் எனக்குக் கிடைப்பது 40. கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அவ்வளவையும் சாப்பிட்டுவிடும். ஒரு ராத்திரி ஒரே இடத்தில் நிற்கலாம், மறுநாள் ஓட்டணும். எங்கள் பழக்கத்துக்கு இது போதும். பிரிட்டனில் வாங்குபவர்கள் நேஷனல் கேரவன் கவுன்சில் சரிபார்த்த பேட்டரி பட்டியலைப் பாருங்கள். ஏ, பி, சி என்று மூன்று வகை. சார்ஜிங் வசதி இல்லாத இடங்களில் அடிக்கடி தங்குபவர்களுக்கு ஏ.

இந்த ரிலே யாருக்கு வேண்டாம்? லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு. அது சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 வோல்ட் காட்டும், ரிலே பிரியவே பிரியாது. லித்தியத்துக்கு அதே நிறுவனம் வேறு மாடல் விற்கிறது. யூரோ 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த புது வேன்களுக்கும் இது ஒத்துவராது. அவற்றின் ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சம் பிடிக்க அவ்வப்போது வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கு, வருகிற வோல்ட்டைத் தானே சரிப்படுத்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும், விலையும் ஏறும். எங்கள் 35 வயதுக் கிழவிக்கு அந்தப் புத்திசாலித்தனம் கிடையாது. இன்ஜின் ஓடினால் 14.1, அவ்வளவுதான். பழைய வண்டி வைத்திருப்பதில் மலிவான விஷயம் அநேகமாக இது ஒன்றுதான்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். கிட்டுக்கு ஒன்றரை, அதுவும் பாதிப் பணம் திரும்ப வந்ததற்காக.

ரிலேயில் ஸ்விட்ச் போட இருக்கிறதே, அந்த இன்னொரு முனையில் ஒரு பட்டன் வைத்தால், ஸ்டார்ட்டர் பேட்டரி படுத்துவிட்ட அன்று அழுத்தி 30 நொடி லெஷர் பேட்டரியைத் துணைக்குச் சேர்த்துக் கிளப்பலாம். என் 80 ஆம்பியர் ஃபியூஸ் அந்த இழுப்பைத் தாங்குமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வயர் மட்டும் டேஷ்போர்டுக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கிறது, பட்டன் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டிராயரில்.